கெண்ட்ரா ஓட்டாத வண்டி

1

இந்தக் கதையை எழுதத் துணிந்ததே லொரெட்டாவுக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில்தான். வெர்னுக்கும் தெரியாது. நெப்ராஸ்காவில் எங்கள் ஊரில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். பிறந்த ஊரில் வைதேகி, இங்கே வந்த முதல் வாரத்திலிருந்து விக்கி. ஊர் நூலகத்தில் வேலை. இருபது வருடத்துக்கு மேலாக இந்த மனிதர்களைப் பற்றிக் கதை எழுதிச் சென்னைப் பத்திரிகைகளுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். இதழ் தபாலில் வந்தால் பக்கத்து வீட்டு வெர்ன் ஹாஸ்கல் புரட்டிப் பார்ப்பார்.

"நான் இதுல இருக்கேனா?"

"இல்லையே."

"அப்ப சரி."

இருப்பார். மூக்கும் தொப்பியும் உட்பட அப்படியே இருப்பார். அதை நினைத்து எனக்கு இதுவரை வெட்கம் வந்ததில்லை. இப்போது வருகிறது, பழையதற்கும் சேர்த்து.

கதை என்னவென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒளித்துவைத்துக் கடைசியில் காட்டுகிற சாமர்த்தியத்தை இந்த விஷயத்தில் ஏற்கெனவே போதுமான அளவு காட்டியாகிவிட்டது. லொரெட்டா நொவாட்னி என்ற எழுபத்தெட்டு வயது அம்மாள், இறந்துபோன கணவரின் காரை ஒரு நர்ஸிங் மாணவிக்காகக் கொடுத்தார். அப்படி ஒரு மாணவி கிடையாது. நான் உண்டாக்கினேன். கார் துண்டு துண்டாகிவிட்டது. மாணவி மட்டும் சௌக்கியமாக இருக்கிறாள்.

2

எப்படி ஆரம்பிப்பது என்று மூன்று முறை முயன்றேன்.

முதல் ஆரம்பம்: "வெர்னின் ஷெட்டில் 1956-ஆம் வருடத்து மெர்க்குரி மாண்டரே ஒன்று, மேலே வெள்ளையும் கீழே பச்சையுமாக, என்ஜின் துருவேறி இறுகிப்போய்…" வேண்டாம். இது வண்டிப் பித்தர்களின் ஆரம்பம். இப்படித் தொடங்கினால் பத்துப் பக்கம் பல்சக்கரத்தைப் பற்றிப் பேசிவிட்டு நான் கண்ணில் படாமல் போய்விடலாம்.

இரண்டாவது ஆரம்பம்: "இலையுதிர்காலத்தில் ஒரு காலை, எட் நொவாட்னி காபிக் கோப்பையை மேசையில் வைத்தார், பிறகு…" இதுவும் வேண்டாம். எட்டின் சாவை வைத்து உங்கள் கண்ணைக் கலங்கவைத்தால் என் மேல் உங்களுக்குக் கோபம் வராது. வர வேண்டும்.

மூன்றாவது ஆரம்பம் லொரெட்டாவின் வரவேற்பறையில். அதுதான் சரி. குற்றம் நடந்த இடம் அது.

3

அன்றைக்கு வெர்ன் போனது எட்டின் கிராண்ட் மார்க்கீஸைக் கேட்க. நீளமான, சாம்பல் நிற, வயதானவர்கள் ஓட்டுகிற கார். அதைப் பார்த்து இந்த ஊரில் யாரும் இரண்டாம் முறை திரும்ப மாட்டார்கள், வெர்னைப் போன்றவர்களைத் தவிர. அவர்கள் கண்ணுக்கு அது கார் இல்லை. நல்ல என்ஜின், நல்ல கியர்பாக்ஸ், நல்ல பின் ஆக்ஸில், சுற்றிலும் கொஞ்சம் தகரம். பழைய அழகு வண்டிக்கு உள்ளுறுப்பு கொடுக்கிற வண்டியை இங்கே டோனர் என்பார்கள். அதில் ஒரு கொடுமை உண்டு. நாசமாக ஓட்டப்பட்ட வண்டியை யாரும் பிரிப்பதில்லை. ஆசையாசையாகப் பார்த்துக்கொண்ட வண்டியைத்தான் பிரிப்பார்கள்.

நான் ஏன் கூடப் போனேன்? திரும்பும்போது வெர்னின் ட்ரக்கை ஓட்டிவர ஓர் ஆள் வேண்டுமே.

லொரெட்டா காபி கொடுத்தார். உட்காருவதற்கு நாற்காலிக் கையைப் பிடித்து ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்க வேண்டியிருந்தது. இடுப்பு அப்போதே மோசம்.

"உனக்கு முன்னாடி ரெண்டு பேரு வந்தாங்க, வெர்ன். ஒருத்தன் வந்ததும் வராததுமா பானட்டத் தூக்கிப் பாத்துட்டு, 'எனக்கு என்ஜின் போதும் பாட்டி, மிச்சத்தக் காயலாங்கடைக்குப் போட்டுருவேன்'ங்கறான். என் மூஞ்சிக்கு நேரா சொல்றான்!"

வெர்ன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"கதவைச் சாத்திட்டேன்" என்றார் லொரெட்டா. "சனிக்கிழமையானா எட் அதுக்கு மெழுகு போட்டுத் தேய்ப்பாரு. எனக்குக்கூட அவ்வளவு சேவகம் செஞ்சதில்ல. யாராச்சும் ஓட்டுனா போதும். தெருவுல போறதப் பாத்தா போதும் எனக்கு. ஆமா, உனக்கு எதுக்கு அது? உன்கிட்டதான் ட்ரக் இருக்கே?"

"அது வந்து…" என்றார் வெர்ன். காது மடல் சிவந்துவிட்டது. பொய் சொல்லத் தெரியாத மனுஷர். இன்னும் ஐந்து நொடி விட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பார். லொரெட்டா திட்டியிருப்பார், நாங்கள் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்திருப்போம்.

அந்த ஐந்து நொடியை நான் எடுத்துக்கொண்டேன்.

"வெர்னோட தங்கச்சி பேத்திக்கு" என்றேன். "லிங்கன்ல நர்ஸிங் படிக்கிறா. பழைய கார் நடுரோட்டுல நின்னுபோச்சு. கெண்ட்ரான்னு பேரு."

(வெர்னுக்கு லிங்கனில் ஒரு தங்கை இருப்பது உண்மை. அவளுக்குப் பேத்தி கிடையாது. கெண்ட்ரா, அன்று காலை மளிகைக் கடையில் எனக்குப் பை கட்டிக் கொடுத்த பெண்ணின் சட்டையில் குத்தியிருந்த பெயர்.)

யாரும் என்னைக் கேட்கவில்லை. அதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வெர்னைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று முதல் பிரதியில் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். ஒரு மௌனம் கிடைத்தது, அதில் ஒரு ஆளை நிறுத்திவைக்க முடியும் என்று தெரிந்தது, கை அரித்தது. அவ்வளவுதான்.

"நர்ஸா?" என்றார் லொரெட்டா. முகம் மாறியது. எனக்கு அப்போது தெரியாது: அவர் ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் ஓய்வு பெறும்வரை வேலை செய்தவர். நர்ஸாக வேண்டும் என்று ஆசைப்பட்டவர். வீட்டில் படிக்க வைக்கவில்லை. "நான் தட்டு தூக்கிட்டு வார்டுக்குள்ள போவேன், அந்தப் பொண்ணுங்க வெள்ளைக் கவுனோட நிக்கும். பாத்துக்கிட்டே நிப்பேன்."

எழுந்து போய்ச் சாவியைக் கொண்டுவந்து வெர்னின் கையில் வைத்தார். ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டார், எட்டின் நினைவாக.

4

அன்று வீட்டு வாசலில், இரண்டு வண்டிகளையும் நிறுத்திய பிறகு:

"ஏம்மா விக்கி, யாரும்மா அந்தக் கெண்ட்ரா?"

"யாரும் இல்ல."

"எத்தனாவது வருஷம் படிக்குது?"

"ரெண்டாவது."

"நல்லாப் படிக்குமா?"

சிரித்தோம். நன்றாகச் சிரித்தோம். அதையும் பதிவு செய்கிறேன்.

5

இங்கே வண்டியின் பகுதி வர வேண்டும். நியாயமாகப் பார்த்தால் இதுதான் கதை, மீதியெல்லாம் என் சமாசாரம்.

குளிர்காலம் முழுக்க வெர்ன் வேலை செய்தார். கிராண்ட் மார்க்கீஸின் என்ஜினையும் கியர்பாக்ஸையும் ஒன்றாகச் சங்கிலியில் தூக்கினார். ஷெட்டில் கிடந்த தன் பழைய மாண்டரேயின் சட்டத்தில் புதுத் தாங்கிகள் வெல்டிங் செய்தார். புது என்ஜின் பழையதைவிட அகலம்; ஸ்டியரிங் தண்டு இடித்தது. கியர்பாக்ஸ் உட்காரத் தரையின் நடு மேட்டை வெட்டி அகலப்படுத்தினார். பின் ஆக்ஸிலுக்குப் பட்டைவில் உட்காரும் தட்டுகளை வைத்துப் பற்றவைத்தார். நடுத்தண்டைக் குட்டையாக்கப் பக்கத்து நகரமான கிராண்ட் ஐலண்டுக்குப் போய்வந்தார். இதெல்லாம் வெர்னுக்கு விளையாட்டு. கஷ்டம் ஒயர்தான். இந்தக் காலத்து என்ஜின் தன் கம்ப்யூட்டரும் ஒயரும் இல்லாமல் எந்த வீட்டுக்கும் குடிபோகாது. ஷெட் தரையில் அந்த ஒயர்க் கட்டை முழுநீளத்துக்கு விரித்து, ஒவ்வொரு முனையிலும் காகித டேப் ஒட்டிப் பெயர் எழுதினார். நான் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து காபி குடித்தபடி, அவர் சொல்லச் சொல்ல டேப் கிழித்துக் கொடுத்தேன்.

எல்லாம் மாட்டியும் என்ஜின் பிடிக்கவில்லை. கம்ப்யூட்டருக்குத் தன் சாவி பக்கத்தில் இருக்க வேண்டுமாம். சாவித் தலைக்குள் ஒரு சில்லு இருக்கிறது. அது இல்லையென்றால் திருட்டு என்று எண்ணிக்கொள்ளும். வெர்ன் எட்டின் சாவியை எடுத்து, நுனியை அறுத்துவிட்டு, தலையை மாண்டரேயின் டாஷ்போர்டுக்கு அடியில் டேப் போட்டு ஒட்டினார். உடனே பிடித்துக்கொண்டது.

"பாத்தியா?" என்றார் வெர்ன். முகமெல்லாம் சந்தோஷம். "என்ஜின் சாகாது விக்கி. எட் இதுக்கு வேளா வேளைக்கு ஆயில் மாத்தியிருக்காரு. ஊர்லயே இப்படி ஒரு என்ஜின் கிடையாது. வேற சட்டை மாட்டிட்டு இன்னும் முப்பது வருஷம் ஓடும்."

அவர் அதை மனதார நம்பினார். எட்டுக்கு மரியாதை செய்கிறோம் என்றே நினைத்தார். இந்த வண்டிப் பித்தர்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது: என்ஜின் இருந்தால் வண்டி இருக்கிறது என்று நினைப்பது. லொரெட்டாவுக்கு வண்டி என்பது சாம்பல் நிறமும், எட் உட்கார்ந்து குழிந்த இருக்கையும், வாசலில் அது நிற்கிற நிற்பும். என்ஜினை அவர் பார்த்ததே இல்லை.

* அந்தக் குழிந்த இருக்கை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். எலி கடித்துவிட்டது. தூக்கிப் போட்டோம்.

மிச்சக் கூட்டைக் காயலாங்கடைக்குக் கொண்டுபோனபோது நானும் போனேன். ட்ரெய்லரில் ஏற்றித் தார்ப்பாய் போட்டு மூடி, லொரெட்டாவின் தெருவைத் தவிர்க்க ஊரைச் சுற்றிச் சரளைப் பாதையில் போனோம். வயல்வெளியில் காற்று தார்ப்பாயைக் கிளப்பிவிட்டது. வெர்ன் இறங்கினார். பின் கண்ணாடியில் சர்ச் வண்டி நிறுத்தத்துக்கான ஸ்டிக்கர் இருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு, அந்தக் குளிரில் நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். திரும்பி வந்து உட்கார்ந்த பிறகு ரேடியோவை அணைத்தார். யாராவது பேசியிருந்தால் —

(இந்த வாக்கியத்தை நான்கு விதமாக முடித்துப் பார்த்தேன். எல்லாம் எனக்குச் சாதகமாகவே முடிந்தன. விட்டுவிட்டேன்.)

6

கதாபாத்திரத்தைப் பற்றிச் சில வார்த்தைகள்.

கெண்ட்ராவை நான் அன்றே மறந்திருப்பேன். லொரெட்டா விடவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் பெரிய எழுத்துப் புத்தகம் எடுக்க நூலகத்துக்கு வருவார். புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு முதல் கேள்வி:

"நம்ம பொண்ணு எப்படி இருக்கா?"

நம்ம பொண்ணு! முதல் தடவை சும்மா "நல்லா இருக்கா" என்றேன். அடுத்த தடவை அது போதவில்லை.

"பனி ஆரம்பிச்சிருச்சே. அந்த வண்டி பின்சக்கரத்துல ஓடறது, வழுக்குமே. டிக்கில கனத்துக்கு மணல் மூட்டை வச்சிருக்காளா?"

"ரெண்டு மூட்டை வச்சிருக்கா."

"சமத்து."

இப்படித்தான் வளர்ந்தாள். இடதுகைப் பழக்கம் வந்தது. கூட அறையில் தங்கியிருக்கும் ஒரு சண்டைக்காரி வந்தாள். ஊசி போடும் பயிற்சியில் ஆரஞ்சுப் பழத்துக்குப் போட்டுப் போட்டு அறையெல்லாம் ஆரஞ்சு வாசனை என்று நான் சொன்னபோது லொரெட்டா கையைத் தட்டிச் சிரித்தார். உண்மையைச் சொல்கிறேன், நான் எழுதி அச்சான எந்தக் கதைக்கும் இப்படி ஒரு வாசகர் எனக்குக் கிடைத்ததில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, அடுத்து என்ன என்று கண் விரியக் கேட்கிற வாசகர். எனக்கு அது பிடித்திருந்தது. செவ்வாய்க்கிழமைகளுக்காக முன்கூட்டியே யோசிக்க ஆரம்பித்தேன். இதை எழுதும்போது முகம் சுடுகிறது.

ஒரு கட்டத்தில், கதை தட்டையாகப் போகிறதே என்று அவளை மருந்தியல் பரீட்சையில் தோற்கடித்தேன். கதைக்கு ஒரு சிக்கல் வேண்டாமா?

அந்த ஞாயிறு லொரெட்டா என்னைப் பூசைக்கு வரச் சொன்னார். நான் கத்தோலிக்கர் இல்லை. பிறகு கிடைக்கும் கொலாச்சி என்ற இனிப்பு ரொட்டிக்காக எப்போதாவது போவதுண்டு. பிரசங்கம் முடிந்து மன்றாட்டு வாசித்தார்கள். நோயாளிகளுக்காக. மழைக்காக. பிறகு வாசித்த அம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "மறுதேர்வு எழுதவிருக்கும் நர்ஸிங் மாணவி கெண்ட்ராவுக்காக" என்றார்.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது கூட்டம். விவசாயிகள், அவர்கள் மனைவிமார், மடியில் குழந்தையோடு ஒரு பெண், கைத்தடியோடு இரண்டு கிழவர்கள். இல்லாத ஒருத்திக்காக ஒரு ஊரே வேண்டிக்கொண்டது. லொரெட்டா என் கையைப் பிடித்திருந்தார். நானும் சேர்ந்து சொன்னேன். சொல்லாமல் இருந்தால் தெரிந்துவிடுமே.

அடுத்த வாரமே தேர்ச்சி பெற வைத்துவிட்டேன். லொரெட்டா ஒரு டப்பா நிறையக் கசகசாக் கொலாச்சி செய்து கொண்டுவந்தார், பாதி கெண்ட்ராவுக்கு அனுப்பச் சொல்லி. அந்தப் பாதியை வெர்னும் நானும் ஷெட்டில் வைத்துத் தின்றோம்.

"பாஸாயிட்டாளா?" என்றார் வெர்ன், வாயில் மாவோடு.

"ஆயிட்டா."

"அப்பாடா" என்றார். அவர் கேலி செய்யவில்லை.

7

ஜூனில் ஊர்த் திருவிழாவில் கார்க் கண்காட்சி. மாண்டரே மினுமினுத்தது. எல்லோரும் பானட்டுக்குள் குனிந்து பார்த்து வெர்னின் முதுகில் தட்டினார்கள். லொரெட்டா கைத்தடியோடு மெல்ல வந்தார்.

"ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போயேன், வெர்ன்."

மறுக்க முடியுமா? அவரை முன்னால் ஏற்றினார், நான் பின்னால். ஊரைத் தாண்டிச் சோளக்காட்டு ரோட்டில் போனோம். பழைய வண்டி இப்படி அலுங்காமல் போகுமென்று நான் நினைத்ததில்லை. லொரெட்டா எதையோ பேசிக்கொண்டே வந்தவர், பாதி வாக்கியத்தில் நிறுத்தினார். எட்டிப் பார்த்தேன். தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. தூங்கிவிட்டார்.

வெர்ன் வேகத்தைக் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார். கண்ணாடியில் அவர் கண் தெரிந்தது. கலங்கியிருந்தது.

விழித்ததும் லொரெட்டாவுக்குக் கூச்சம். "ஐயய்ய, மன்னிச்சுக்கப்பா. எட் வண்டியத் தவிர வேற எதுலயும் நான் தூங்குனதே இல்ல. என் மகன் கார்ல ஏறுனா சாமி கும்புட்டுட்டே வருவேன்."

இதை நீங்கள் நம்பவில்லை என்றால் உங்கள்மேல் தப்பில்லை. கதையில் வந்திருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன், வெட்டச் சொல்லியிருப்பேன். நடந்தது. வைத்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் வெர்ன் என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். "நான் சொல்லிடறேன் விக்கி. வண்டி என்னுது."

"வண்டி உங்களுது" என்றேன். "பொண்ணு என்னுது. நான்தான் சொல்லணும்."

"அப்ப சொல்லு."

"சொல்றேன்."

8

சொல்லவில்லை. அதற்குள் இது நடந்தது.

லொரெட்டாவின் இடுப்பு எலும்பு தேய்ந்துபோனது. மாற்று அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் சக்கர நாற்காலிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வருடக்கணக்காக மறுத்துவந்தவர் அவர். எட் இருந்தபோதும் மறுத்தார். மயக்க ஊசி போட்டால் எழுந்திருக்க மாட்டோம் என்று பயம். அரிசோனாவில் இருக்கும் மகன் வர முடியாது என்று சொல்லிவிட்டான். போன மாதம் நூலக மேசைக்கு வந்து, ரகசியம் சொல்வதுபோலக் குனிந்தார்.

"ஒத்துக்கிட்டேன், கண்ணு. லிங்கன்ல."

"நல்லது, லொரெட்டா! எப்படித் தைரியம் வந்துச்சு?"

"கெண்ட்ரா அங்கதானே பயிற்சியில இருக்கா? நீதானே சொன்ன. கண்ணு முழிக்கறப்ப அவ கட்டில் பக்கத்துல நின்னா போதும். யாரோ ஒரு நர்ஸு இல்ல, நம்ம பொண்ணு. அவகிட்ட சொல்லி வையி."

அறுவை சிகிச்சை இந்த வியாழக்கிழமை.

சொன்னால் போகமாட்டார். சொல்லாவிட்டால், மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்து கெண்ட்ராவைத் தேடுவார்.

9

ஆகவே முடிவுகள். கையில் இருப்பவற்றைக் காட்டுகிறேன்.

அ) கெண்ட்ராவுக்கு ஓரிகனில் வேலை கிடைத்துவிடுகிறது. சுத்தமான முடிவு, இரண்டு வரியில் வேலை முடியும். ஆனால் லொரெட்டா ஆஸ்பத்திரிப் பையைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்கிவிடுவார்.

ஆ) கெண்ட்ரா விபத்தில் — ஆம், யோசித்தேன். சாம்பார் கிண்டிக்கொண்டே ஒரு நிமிடம் முழுதாக யோசித்தேன். எட்டின் காரிலேயே என்றுகூட யோசித்தேன். அழித்துவிட்டேன், அழித்ததையும் மறைக்கக் கூடாது என்று இங்கே வைத்திருக்கிறேன். என்னைப் பற்றி என்ன நினைக்கிறீர்களோ நினைத்துக்கொள்ளுங்கள்.

இ) லொரெட்டா தன்னிடமிருக்கும் சாவியோடு வெர்னின் ஷெட்டுக்கு வருகிறார். டாஷ்போர்டுக்கு அடியில் ஒட்டிய சாவித் தலை விழுந்துவிட்டதால் மாண்டரே பிடிக்காமல் நிற்கிறது. அவர் சாவியைப் பக்கத்தில் பிடிக்கிறார். என்ஜின் உயிர் பெறுகிறது. எல்லாம் புரிந்து, சிரித்து, எங்களை மன்னிக்கிறார். கதைக்காரர்களுக்கு வாயூறும் முடிவு. ஆனால் மன்னிப்பை நானே எழுதி நானே வாங்கிக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

ஈ) வெர்ன் சொன்ன முடிவு:

"அந்த மளிகைக் கடைப் பொண்ணையே கேட்டா என்னம்மா? பேரும் அதேதான். ஒரு நாளைக்கு நர்ஸு உடுப்பப் போட்டுட்டு நிக்கட்டுமே."

"வெர்ன்!"

"இல்ல, சும்மா கேட்டேன்."

சும்மா கேட்கவில்லை. நானும் சும்மா மறுக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு இடதுகைப் பழக்கம் கிடையாதே, லொரெட்டா கவனித்துவிடுவாரே என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. அந்த அளவுக்கு இறங்கியிருக்கிறேன்.

10

இன்று செவ்வாய்க்கிழமை. ஆஸ்பத்திரிப் பை கட்ட உதவிக்கு லொரெட்டாவின் வீட்டுக்கு வந்தேன். இரவு உடைகள், கம்பளிக் காலுறை, ஜெபமாலை எல்லாம் வைத்தாயிற்று. பையின் மேலே ஒரு சின்னப் பொட்டலம். வண்ணக் காகிதம் சுற்றியிருந்தது. யாருக்கென்று நான் கேட்கவில்லை.

"உக்காரு, கண்ணு" என்றார். "நீ உங்க பாஷையில ஏதோ கதை எழுதறியாமே. வெர்ன் சொன்னான். எனக்கு ஒண்ணு படிச்சுக் காட்டேன்."

"உங்களுக்குப் புரியாதே, லொரெட்டா."

"என்ன இப்ப? சின்ன வயசுல பூசையெல்லாம் லத்தீன்தான். ஒரு எழவும் புரியாது, உக்காந்து கேட்டேன்ல? வியாழக்கிழமைய நெனச்சா ராத்திரி தூக்கமே வரல. ஏதாச்சும் படி."

கைபேசியில் எவ்வளவோ இருந்தது. பழைய கதைகள் இருந்தன. ரசப்பொடிக் குறிப்புகூட இருந்தது. அதைப் படித்திருந்தால் யார் கண்டார்கள்? நான் இதைத் திறந்தேன். நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கிற இதை. சொன்ன மாதிரியும் இருக்கும், சொல்லாத மாதிரியும் இருக்கும் என்று நினைத்தேன். இந்தக் கதையில் நான் செய்த காரியங்களிலேயே கேவலமானது இதுதான்.

படித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தன் பெயர் வந்ததும் சிரித்தார். "அட, நானும் இருக்கேனா!" எட்டின் பெயர் வந்ததும் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். என்ஜின், கியர்பாக்ஸ், ஆக்ஸில் என்று வந்தபோது ஒரு கண்ணைத் திறந்து, "இதெல்லாம் உங்க பாஷையிலயும் இதேதானா?" என்றார். இதேதான். பெயர்களை மொழிபெயர்க்க முடியாது என்பது எனக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது. கிராண்ட் மார்க்கீஸ் வந்தது. மாண்டரே வந்தது. மறுபடி என்ஜின் வந்தது. கெண்ட்ரா வந்துகொண்டே இருந்தாள்.

சிரிப்பு எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை. ஆறாம் பகுதியில், பூசை வரும் இடத்தில், என் மணிக்கட்டில் கையை வைத்தார்.

"நிறுத்து, கண்ணு."

நிறுத்தினேன்.

"அந்தப் பொண்ணு பேரு வர்றப்பல்லாம் உன் குரல் சின்னதாயிடுது. ஒரு எடத்துலயாவது சத்தமாச் சொல்லலையே நீ. ஏன்?"

தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

11

இதை லொரெட்டாவின் சமையலறையில், பாத்திரத் தொட்டிப் பக்கம் நின்றுகொண்டு கட்டைவிரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன். குழாயைத் திறந்துவிட்டிருக்கிறேன், சத்தத்துக்காக. எழுத்துப்பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

முடிவை உங்களிடம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றுதான் இருந்தேன். அ, ஆ, இ, ஈ, பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிவைத்திருந்தேன். ஆனால் நீங்கள் என்ன முடிவு செய்தாலும் அது எனக்கு உதவாது. உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன். உங்களுக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை. நஷ்டப்படுகிற ஆள் அடுத்த அறையில், கட்டி முடித்த பையோடு உட்கார்ந்திருக்கிறார். என் அடுத்த வாக்கியம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், சத்தமாக இருக்க வேண்டும். அதை நீங்கள் கேட்கப்போவதில்லை.

"விக்கி" என்கிறார் லொரெட்டா உள்ளிருந்து. "குழாய மூடிட்டு வா."

மூடுகிறேன்.